ஷிர்லி டெம்பிள்: இரவல் போன முகம்

1950இல் ஹாலிவுட்டின் குழந்தை நட்சத்திரமாக இருந்த ஷிர்லி டெம்பிளுக்கு வயது 22. அந்த வயதில்தான் தன் கணக்கைக் கேட்டுப் பார்த்தாள். மூன்று வயதிலிருந்து கேமரா முன்னால் ஆடிப் பாடிச் சம்பாதித்தது 32 லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேலே. அவள் பெயரில் மிச்சமிருந்தது 44,000 டாலர். மற்றதெல்லாம் பெரிய வீட்டின் செலவு, வேலையாட்கள் சம்பளம், அப்பா ஜார்ஜ் டெம்பிள் யார் யார் பேச்சையோ கேட்டுப் போட்டுத் தொலைத்த முதலீடுகள் என்று கரைந்திருந்தது. அப்பா வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவர். மகள் புகழ் ஏற ஏற அவருக்கும் பதவி ஏறியது. பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு மகளின் பணத்தைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டார்.

அவள் வழக்குப் போடவில்லை. 1988இல் வெளிவந்த தன்வரலாற்றில் இந்தத் தொகைகளை மளிகைக் கடை பாக்கியைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போகிறார், அப்பாவைத் திட்டவில்லை. இதே நிலையில் ஜாக்கி கூகன் வேறு வழியில் போனார். சாப்ளினோடு நடித்து உலகப் புகழ் பெற்ற அந்தப் பையன், வளர்ந்ததும் 1938இல் தாய் மீதும் மாற்றாந்தகப்பன் மீதும் வழக்குத் தொடுத்தார். பல லட்சம் டாலர் சம்பாதித்தவருக்குக் கடைசியில் கிடைத்தது 1,26,000 டாலர். அந்த வழக்கின் பயன் மற்றவர்களுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. குழந்தை நடிகர்களின் வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்க வகைசெய்யும் 'கூகன் சட்டம்' 1939இல் கலிபோர்னியாவில் வந்தது. அதில் ஓட்டைகள் ஏராளம். குழந்தையின் சம்பாத்தியம் குழந்தைக்கே சொந்தம், அதில் 15 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டே ஆகவேண்டும் என்று சட்டம் அழுத்தமாகச் சொல்ல 2000ஆம் ஆண்டு ஆகிவிட்டது.

பணக்கணக்கோடு இதைத் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. குழந்தை நட்சத்திரமாக இருந்து பிறகு பொதுத்தொண்டுக்கு வந்தவர்களைப் பற்றி எழுதும்போது, 'புகழைக் கொடுத்த சமூகத்துக்குத் திருப்பிச் செய்தார்' என்று ஒரு வரி கட்டாயம் வரும். எனக்கு அந்த வரி பிடிப்பதில்லை. திருப்பிக் கொடுக்க முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே. இந்தப் பெண்ணிடம் இருந்தது அந்த 44,000 டாலரும், உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு முகமும். அந்த முகத்தை யாரெல்லாம் எடுத்துப் புழங்கினார்கள், பிறகு அதை அவரே எங்கெல்லாம் கொண்டுபோய்ப் பயன்படுத்தினார் என்பதுதான் இந்த ஆய்வு. ஓரிடம் வரை 'அவள்' என்று எழுதுவேன், அதற்கப்புறம் 'அவர்'.

ஸ்டூடியோவின் முகம்

பிறந்தது 1928 ஏப்ரல் 23, கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில். இரண்டு அண்ணன்களுக்குப் பிறகு வந்த கடைக்குட்டி. அம்மா கெர்ட்ரூடுக்கு மகளை நடனத்தில் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை. மூன்று வயதில் மெக்லின் நடனப் பள்ளியில் சேர்த்தார். அங்கே பிள்ளை தேட வந்த ஒரு சிறு கம்பெனியின் குறும்படங்களில்தான் முதல் வாய்ப்பு. பெரியவர்கள் படங்களைக் கேலி செய்யும் படங்கள் அவை; இடுப்பில் பெரிய ஊக்கு குத்திய துணியோடு மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் பெரியவர்களைப்போல் நடிக்க வேண்டும். சொல்பேச்சுக் கேட்காத குழந்தையை, பனிக்கட்டிப் பாளம் ஒன்று மட்டும் வைத்திருந்த இருட்டுப் பெட்டிக்குள் அடைப்பார்கள். நிற்கக் கால் கடுக்கும், உட்கார்ந்தால் பனிக்கட்டி. வீட்டில் சொன்னபோது அம்மா நம்பவில்லை என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்தப் பெட்டியில் கற்ற பாடம் நேரத்தை வீணாக்கினால் தண்டனை உண்டு என்பதாம். இதை அவர் ஏறக்குறைய நன்றியோடு எழுதியிருப்பதுதான் படிக்கும்போது முள்ளாகக் குத்துகிறது.

1934இல் ஃபாக்ஸ் ஸ்டூடியோ வாரம் 150 டாலருக்கு எடுத்தது. அந்த வருஷம் முடிவதற்குள் அவள் நாடறிந்த நட்சத்திரம். 1935 முதல் 1938 வரை நான்கு வருஷம் தொடர்ந்து அமெரிக்க வசூலில் முதலிடம். அன்றைய பெரிய நடிகர் கிளார்க் கேபிள் எல்லாம் பின்னால்தான். ஆறு வயதில் ஆஸ்கர் விழாவில் சிறுவர்களுக்கென்று செய்த குட்டிச் சிலை ஒன்று தனிப் பரிசாகக் கிடைத்தது. பெரும் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்து நின்ற அமெரிக்கா, கொட்டகை இருட்டில் அந்தக் கன்னக்குழியைப் பார்த்துக் கொஞ்சம் மூச்சு விட்டது. பொம்மை விற்றது, கவுன் விற்றது, கிண்ணம் விற்றது. தினமும் இரவு அம்மா உட்கார்ந்து தலைமுடியைச் சுருட்டிப் பின் குத்துவார். எண்ணி 56 சுருள். ஒன்று கூடக் கூடாது, குறையக் கூடாது.

அலை நம் ஊர் வரைக்கும் வந்தது. 1937இல் 'பாலயோகினி' படத்தில் நடித்த பேபி சரோஜாவை 'இந்தியாவின் ஷிர்லி டெம்பிள்' என்றுதான் பத்திரிகைகள் கொண்டாடின. அந்தக் காலத்தில் தமிழ் வீடுகளில் பிறந்த பெண் குழந்தைகள் பலருக்குச் சரோஜா என்று பெயர் வைத்தார்கள். சாண்டா மோனிகாவில் ஒரு தாய் சுருட்டிவிட்ட முடி, சென்னை மாகாணத்தில் பெயர்சூட்டு விழா வரைக்கும் வந்து நின்றிருக்கிறது.

வயதும் அவளுடையதாக இல்லை. நட்சத்திரம் இன்னும் சின்னவளாகத் தெரிந்தால் நல்லது என்று ஸ்டூடியோ பிறந்த வருஷத்தை 1929 ஆக்கியது. தனக்குப் பன்னிரண்டு முடிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த பிறந்தநாளில்தான் அம்மா 'உனக்குப் பதின்மூன்று' என்று சொன்னார். இந்தப் பொய் ஒருமுறை உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. 1939 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஒரு வானொலி நிகழ்ச்சியில் அவள் பாடிக்கொண்டிருந்தபோது, பார்வையாளர் வரிசையில் ஒரு பெண் எழுந்து துப்பாக்கியை நீட்டினாள். நீட்டியவள் அப்படியே உறைந்து நின்றதால் காவலர்கள் பிடித்துவிட்டார்கள். விசாரித்தபோது தெரிந்த கதை இது: அந்தப் பெண்ணின் மகள் இறந்த நாளும், ஷிர்லி பிறந்ததாக அவள் நம்பிய நாளும் ஒன்று, தன் மகளின் உயிரைத்தான் இந்தக் குழந்தை திருடிக்கொண்டு பிறந்தது என்று நம்பியிருக்கிறாள். அவள் கணக்குப் போட்ட வருஷம் ஸ்டூடியோ கொடுத்த 1929.

1940இல் ஃபாக்ஸோடு உறவு முடிந்தது. பெண்கள் பள்ளி ஒன்றில் சேர்ந்து மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தாள். அதன்பிறகு நடித்த படங்கள் பெரிதாகப் போகவில்லை. மக்களுக்கு வேண்டியது ஆறு வயது ஷிர்லி. 17 வயதில் ஜான் ஏகரோடு திருமணம், ஒரு மகள், 1949இல் மணமுறிவு வழக்கு. 1950 தொடக்கத்தில் ஹவாயில் சார்லஸ் பிளாக் என்பவரைச் சந்தித்தாள். கடற்படையில் இருந்துவிட்டு வந்து அன்னாசிப்பழக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவளுடைய படம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்றாராம். அவளுக்கு அதைவிடப் பெரிய தகுதி தேவைப்பட்டிருக்காது. அந்த டிசம்பரில் திருமணம். அத்தோடு சினிமாவுக்கு முழுக்கு.

அண்ணனின் கால்கள்

இனி அவர், ஷிர்லி டெம்பிள் பிளாக். கலிபோர்னியாவில் குடித்தனம், மேலும் இரண்டு பிள்ளைகள், இடையில் சில வருஷம் தொலைக்காட்சியில் கதை சொல்லும் நிகழ்ச்சி. கதை இங்கேயே நின்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவருடைய அண்ணன் ஜார்ஜ், அப்பாவின் பெயரையே கொண்டவர், மரைன் படையில் இருந்த திடகாத்திரமான ஆள். 1950களின் தொடக்கத்தில் அவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்பிழைகளுக்கு, மின்கம்பிக்கு இருப்பதுபோல ஒரு மேலுறை உண்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்த உறையைப் பகையென்று எண்ணி அரிக்கும் நோய் இது. இன்றைக்கு கண் மங்கும், அடுத்த மாதம் சரியாகும். பிறகு கால் மரக்கும், நடை தடுமாறும், கையில் பிடித்த பொருள் நழுவும். பெரும்பாலும் 20க்கும் 40க்கும் இடைப்பட்ட வயதில், குடும்பம் தலையெடுக்கிற நேரத்தில் வரும். பெண்களுக்கு அதிகம். ஸ்கேன் இல்லாத அந்தக் காலத்தில், இல்லாத நோயைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள் என்ற பழியும் நோயாளிகளுக்கு வந்ததுண்டு. நோயின் போக்கைத் தடுக்கும் முதல் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1993இல். அதாவது ஷிர்லி இந்த வேலைக்கு வந்தபோது மருத்துவரிடம் கொடுக்க ஏறக்குறைய ஒன்றுமில்லை. அண்ணன் சக்கர நாற்காலிக்குப் போனதைத் தங்கை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருந்தது.

இன்னொரு சகோதரியையும் இங்கே சொல்லியாக வேண்டும். சில்வியா லாரி, நியூயார்க்காரர். அவருடைய சகோதரர் பெர்னார்டுக்கும் இதே நோய். 1945 மே 1ஆம் தேதி 'நியூயார்க் டைம்ஸ்' வரி விளம்பரப் பகுதியில், இந்த நோயிலிருந்து குணமடைந்தவர் யாராவது இருந்தால் தொடர்பு கொள்ளுங்கள் என்று விளம்பரம் கொடுத்தார். ஐம்பதுக்கு மேற்பட்ட பதில்கள் வந்தன. குணமானவரைக் கண்டுபிடித்தால் எங்களுக்கும் சொல்லுங்கள் என்று கேட்டுத்தான் எல்லாக் கடிதமும். அந்தக் கடிதக்காரர்களையே சேர்த்துக்கொண்டு 1946இல் ஒரு சங்கம் தொடங்கினார். அதுதான் பின்னர் தேசிய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கமாக வளர்ந்தது.

ஷிர்லி சேர்ந்தது இந்தச் சங்கத்தில். தன் பெயரில் புதிதாக ஓர் அறக்கட்டளை தொடங்கவில்லை. எனக்கு இந்த இடம் முக்கியமாகப் படுகிறது. புகழ்பெற்றவர்கள் தொண்டுக்கு வரும்போது முதலில் செய்வது தங்கள் பெயரில் ஒரு பலகை மாட்டுவது. பலகைக்கு அலுவலகம், அலுவலகத்துக்கு ஆள், ஆளுக்குச் சம்பளம் என்று நன்கொடையில் பாதி அங்கேயே போய்விடும். வேறு யாரோ பட்ட பாட்டில் உருவான சங்கத்துக்குள் நுழைந்து, அங்கே என்ன குறைகிறதோ அதைக் கேட்டுச் செய்வது வேறு மாதிரி வேலை. நிதி திரட்டக் கூப்பிட்டால் போனார், பேசச் சொன்னால் பேசினார். ஒரு நாட்டுக்குள் ஆராய்ச்சி செய்தால் போதாது, நாடுகளின் சங்கங்கள் ஒன்றாக வேண்டும் என்ற முயற்சி வந்தபோது, 1967இல் உருவான பன்னாட்டுக் கூட்டமைப்பின் நிறுவனர்களில் ஒருவராக இருந்தார். இது ஏதோ பெருந்தன்மைக்காகச் செய்தது அல்ல. இந்த நோய் பூமத்திய ரேகையை விட்டு விலகிப் போகப் போக அதிகம் காணப்படுகிறது; ஏன் என்று தெரிய வேண்டுமென்றால் பல நாட்டு நோயாளிகளின் விவரங்கள் ஒரே மேஜைக்கு வர வேண்டும். அதற்கு எல்லை தாண்டிப் போய்க் கதவைத் தட்ட ஓர் ஆள் வேண்டும். பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், கம்யூனிஸ்ட் நாடுகளை மற்ற நாடுகளிலிருந்து பிரித்த இரும்புத்திரைக்கு இரண்டு பக்கமும் கதவு திறக்கும் முகம் யாருக்கு இருந்தது? செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகில் சுகாதார அமைச்சகத்தில் உட்கார்ந்திருந்த நடுவயது அதிகாரியும் சின்ன வயதில் அந்தப் படங்களைப் பார்த்திருப்பார் அல்லவா.

பிராக், ஆகஸ்ட் 1968

அப்படித்தான் 1968 ஆகஸ்டில் அவர் செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போனார். கூட்டமைப்பில் அந்த நாட்டைச் சேர்ப்பது நோக்கம். அந்நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் அலெக்சாண்டர் டூப்செக் சீர்திருத்தங்கள் செய்துகொண்டிருந்த 'பிராக் வசந்தம்' அது. பத்திரிகைகள் எழுதின, மக்கள் பேசினார்கள். கூட்டங்கள் நல்லபடியாக நடந்தன. டூப்செக்கையே சந்திப்பதுதான் மிச்சம்.

20ஆம் தேதி இரவு சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்த நாடுகளின் ராணுவம் உள்ளே வந்தது. காலையில் வென்செஸ்லாஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த அல்க்ரான் ஓட்டலில் அவர் விழித்தபோது தெருவில் டாங்கிகள். தெருவில் ஒரு பெண் சுடப்பட்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்தார். மாட்டிக்கொண்ட அமெரிக்கர்களைத் தூதரகம் கார்களில் வரிசையாக ஏற்றி மேற்கு ஜெர்மனி எல்லைக்கு அனுப்பியது. அந்த வரிசையில் அவரும் வெளியேறினார். டூப்செக்கைச் சந்திப்பது நடக்கவில்லை.

நோயாளிகள் சங்கத்தின் வேலையாகப் போனவர் படையெடுப்புக்குச் சாட்சியாகத் திரும்பினார். தொண்டு வேலையின் கணக்குப் புத்தகத்தில் அந்தப் பயணம் ஒரு தோல்வி என்றே பதிவாகும். ஆனால் அவருடைய வாழ்க்கையில் இதற்குப் பிறகு வந்த பலதும் இந்தப் பயணத்திலிருந்து கிளைத்தவை. 1989 ஆகஸ்டில் அதே பிராகுக்கு அமெரிக்கத் தூதராக வந்து இறங்கினார். நவம்பரில் கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிராக மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். டிசம்பர் முடிவதற்குள் ஆட்சியை எதிர்த்த எழுத்தாளர் வாக்லாவ் ஹாவெல் குடியரசுத் தலைவர், டூப்செக் நாடாளுமன்றத் தலைவர். 21 வருஷம் முன்னால் பார்க்க முடியாமல் போன மனிதர், அவர் தூதராக இருந்த காலத்திலேயே மேலெழுந்து வந்தார்.

தோற்ற தேர்தல்

பிராகுக்கு முந்தைய வருஷத்துக்குக் கொஞ்சம் திரும்ப வேண்டும். 1967இல் தம் பகுதியின் அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினர் இறந்ததால் இடைத்தேர்தல் வந்தது. குடியரசுக் கட்சியின் சார்பில் ஷிர்லி நின்றார். சின்ன ஷிர்லி டெம்பிள் போட்டியிடவில்லை, போட்டியிடுவது ஷிர்லி டெம்பிள் பிளாக் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். பாண்டு வாத்தியக்காரர்கள் விடவில்லை; போகிற இடமெல்லாம் அவருடைய ஆறு வயதுப் பாட்டைத்தான் வாசித்தார்கள். வியட்நாம் போரை அவர் ஆதரித்தார். எதிர்த்து நின்ற பீட் மெக்ளாஸ்கி, அதே கட்சிக்காரர், கொரியப் போரில் சண்டையிட்டு விருது வாங்கியவர், போரிலிருந்து விலக வேண்டும் என்றார். மெக்ளாஸ்கி ஜெயித்தார்.

இந்தத் தோல்வியை ஆய்வில் சேர்க்கக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் சினிமாப் புகழ் ஓட்டாக மாறியதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது விசித்திரமாகப் படலாம். அங்கே அது தடையாக நின்றது. குழந்தையாகப் பார்த்த முகத்திடம் சட்டம் இயற்றும் வேலையைக் கொடுக்க வாக்காளர்களுக்கு மனம் வரவில்லை. நோயாளிக்காகக் கையேந்தும்போது அதே முகத்துக்குப் பர்ஸைத் திறந்தார்கள். இந்த வித்தியாசத்தை அவர் புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன். மறுபடி தேர்தலில் நிற்கவே இல்லை. 1969இல் அதிபர் நிக்சன் அவரை ஐ.நா. பொதுச்சபைக்கான அமெரிக்கக் குழுவில் நியமித்தார்.

அறுவை மேஜைக்கு முன்னால்

1972 இலையுதிர் காலத்தில் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அவருக்கு 44 வயது.

அன்றைய மருத்துவ வழக்கத்தைச் சொன்னால்தான் அவர் செய்தது விளங்கும். கட்டி என்று வந்த பெண்ணிடம் ஒரே ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்கி மயக்க மருந்து கொடுப்பார்கள். அவள் மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு துண்டுச் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். புற்று என்று பதில் வந்தால் அதே மேஜையில் மார்பு முழுவதையும், பல நேரம் அதன் கீழுள்ள தசையையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். கண் விழிக்கும்போதுதான் தனக்கு மார்பு இருக்கிறதா, இல்லையா என்று அவளுக்கே தெரியும். இதை அந்தக் காலத்தில் யாரும் கொடுமை என்று சொல்லவில்லை, முறை என்றார்கள்.

ஷிர்லி அந்தத் தாளில் கையெழுத்துப் போட மறுத்தார். முதலில் சோதனை மட்டும். முடிவு வந்ததும் என்னை எழுப்பிச் சொல்லுங்கள். என்ன செய்வது என்று நான் தீர்மானிக்கிறேன். கத்தி வைப்பது மருத்துவர் வேலை, முடிவெடுப்பது என் வேலை என்பதே அவர் சொன்னதன் சாரம். முடிவு வந்தது, புற்றுதான். மருத்துவர்களிடம் பேசி, மார்பை எடுத்து, கீழுள்ள தசையை விட்டுவைக்கும் அறுவையைத் தேர்ந்துகொண்டார். நவம்பரில் ஸ்டான்ஃபோர்டில் அது நடந்தது.

அதற்குப் பிறகு செய்ததுதான் யாரும் எதிர்பாராதது. மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். 1972இல் 'மார்பகம்' என்ற சொல்லையும் 'புற்று' என்ற சொல்லையும் சேர்த்து ஒரு புகழ்பெற்ற பெண் பொதுவில் உச்சரிப்பது அமெரிக்காவிலும் வழக்கமில்லை. அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டு தன் மார்பகப் புற்றை வெளியே சொன்னது 1974இல், இரண்டு வருஷம் கழித்துத்தான். இன்று பலருக்கும் நினைவிருப்பது அவர் பெயர். அடுத்து ஷிர்லி பெண்கள் பத்திரிகை ஒன்றில் தன் அனுபவத்தை எழுதினார். கட்டி தெரிந்தால் பயந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள், போய்க் காட்டுங்கள் என்பதுதான் விஷயம். சுமார் 50,000 கடிதங்கள் வந்தன.

ஐம்பதாயிரம் கடிதம் என்பதை எண்ணாக மட்டும் பார்க்க முடியவில்லை. ரகசியமாக உள்ளாடைக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு, கணவனைத் தவிர யாருக்கும் தெரியாமல் பத்து வருஷம் நடமாடிய பெண்கள் அவர்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் எழுதியது நடிகைக்கு அல்ல, தங்களோடு வளர்ந்த ஒருத்திக்கு. 1934இல் ஆறு வயதான பிள்ளைகளுக்கு 1972இல் அவர் வயதுதான். பொம்மையாக வீட்டுக்குள் வந்த முகம், புற்று வரக்கூடிய வயதில் தன் கட்டியைப் பற்றிப் பேசியது. பிரச்சாரத்துக்கு ஆள் தேடி எந்த விளம்பர நிறுவனம் அலைந்திருந்தாலும் இப்படி ஒரு பொருத்தம் வாய்த்திருக்காது.

அறுவைக்கு ஒப்புதல் தரும் முன் நோயாளிக்கு விளக்க வேண்டும், சோதனையும் அறுவையும் தனித்தனியே நடக்க வேண்டும் என்ற கோரிக்கை அந்தப் பத்தாண்டில் வலுத்தது. அதற்குப் பல பெண்கள் பாடுபட்டார்கள். தனி ஒருவர் கணக்கில் எழுத முடியாது. ஆனால் வாரக் கணக்கில் செய்தியில் நின்ற ஒரு பெண், மேஜையில் ஏறும் முன் 'இரு' என்று சொல்லியிருக்கிறாள் என்ற செய்தி பரவியதற்கு எடை உண்டு. பனிக்கட்டிப் பெட்டிக்குள் நின்ற குழந்தையிடம் அந்தச் சொல் இருக்கவில்லை.

இடிக்கும் இடங்கள்

இவரைப் புனிதராக்கினால் ஆய்வு கெட்டுவிடும். போரை ஆதரித்ததைச் சொன்னேன். 1966இல் சான் பிரான்சிஸ்கோ திரைப்பட விழாவின் குழுவில் இருந்தவர், ஒரு சுவீடன் படம் ஆபாசம் என்று சொல்லி, அதைத் திரையிடுவதை எதிர்த்து விலகினார். ஒழுக்கம், கட்சி விசுவாசம் இரண்டிலும் அவர் பழைய பள்ளி. கட்சிக்கு நிதி திரட்டியவர்களுக்குத் தூதர் பதவி கொடுக்கும் அமெரிக்க வழக்கம் தெரிந்ததுதான். 1974இல் அவரைக் கானா நாட்டுக்குத் தூதராக அனுப்பியபோது, நடிகைக்குப் பதவியா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. கானாவில் இரண்டு வருஷம் இருந்து, சந்தைக்காரப் பெண்களோடும் அதிகாரிகளோடும் பழகி அந்தப் பேச்சை அடக்கினார். திரும்பி வந்து 1976இல் அமெரிக்க அரசின் விருந்தினர் மரபுகளைக் கவனிக்கும் தலைமைப் பொறுப்பில் அமர்ந்த முதல் பெண்ணானார்.

தொண்டு எங்கே முடிகிறது, பதவி எங்கே தொடங்குகிறது என்று அவர் விஷயத்தில் கோடு போடுவது கடினம். நோயாளிகள் சங்கத்துக்காக நாடு நாடாகப் போன அனுபவம் தூதர் வேலைக்குப் பயன்பட்டது என்பது நிச்சயம். அதற்காகத்தான் போனார் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை; அவருடைய அண்ணன் சக்கர நாற்காலியில் இருந்தார்.

இன்னொன்று. குழந்தை நடிகர்களின் உரிமைக்காக அவர் பெரிதாகப் போராடவில்லை. 1990இல் அதற்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கியவர் பால் பீட்டர்சன் என்ற இன்னொரு முன்னாள் குழந்தை நட்சத்திரம். ஊமைப்பட காலத்துக் குழந்தை நட்சத்திரம் 'பேபி பெக்கி', பெரியவளாகி டயானா செரா கேரி என்ற பெயரில், குழந்தைகளைச் சுரண்டிய ஹாலிவுட்டின் வரலாற்றையே எழுதினார். ஷிர்லி தன் கதையைச் சொன்னதோடு சரி. பன்னிரண்டு வயதில் புதிய ஸ்டூடியோவில் ஒரு தயாரிப்பாளர் தன்னிடம் அசிங்கமாக நடந்துகொண்டதைக்கூட, சிரித்துவிட்டதாகத்தான் எழுதுகிறார். தன் குழந்தைப் பருவத்தை அவர் ஒரு குற்றமாகப் பார்க்க மறுத்தார். இது மனத்தெம்பா, கண்ணை மூடிக்கொண்டதா என்று இந்த ஆய்வை எழுதும்போது பலமுறை யோசித்தேன். இரண்டுக்கும் சான்று கிடைக்கிறது.

பழைய கோப்பு ஒன்று

காலவரிசையில் முன்னால் வந்திருக்க வேண்டிய ஒன்றை இதுவரை ஒதுக்கி வைத்திருந்தேன்.

1937இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் நாவலாசிரியர் கிரஹாம் கிரீன் அவளுடைய படமொன்றுக்கு விமர்சனம் எழுதினார். அந்தக் குழந்தையை நடுவயது ஆண்கள் என்ன கண்ணோடு பார்க்கிறார்கள் என்று அதில் எழுதியது பெரிய ரகளையானது. ஸ்டூடியோ அவதூறு வழக்குப் போட்டது. 1938இல் வழக்கு முடிந்தபோது மொத்தம் 3,500 பவுண்டு ஈட்டுத்தொகை. பத்திரிகை அதற்குள் மூடப்பட்டிருந்தது. அந்தத் தொகையில் ஷிர்லியின் பங்கு 2,000 பவுண்டு. ஒன்பது வயதுக் குழந்தைக்கு வழக்கு எதைப் பற்றியது என்றே புரிந்திருக்காது.

அந்தப் பணத்தை அப்பா தொடவில்லை, அல்லது தொட முடியவில்லை. அவள் பெயரில் வங்கியில் கிடந்தது. அவளுக்கு 21 வயது ஆனபோது அது இங்கிலாந்தில் இளைஞர்களுக்கான ஒரு மையம் கட்ட நன்கொடையாகப் போனது. அப்போது அவளுக்கு மணமுறிவு, கையில் சின்னக் குழந்தை. தன் கணக்கில் 44,000 டாலர்தான் மிச்சம் என்பது தெரிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது.